ஆறு வினாடி இடைவெளி

(ஏரி, கிணறு, குளம்: தென்புறநகரின் நீர் வரலாறு)

1986இல் சியோலில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்களுக்கான 200 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சலில் டெல்லி முனிர்க்காவைச் சேர்ந்த கஜான் சிங் 2 நிமிடம் 2.38 வினாடியில் சுவரைத் தொட்டு வெள்ளிப் பதக்கம் வாங்கினார். 1951க்குப் பிறகு ஆசியப் போட்டி நீச்சலில் இந்தியா பார்த்த முதல் பதக்கம் அது. 32 ஆண்டு கழித்து, 2018 ஆகஸ்ட் 19 அன்று ஜகார்த்தாவில், அதே போட்டியின் அதே பந்தயத்தில், நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ் 1 நிமிடம் 57.75 வினாடியில் வந்தார். கஜான் சிங்கைவிட 4.63 வினாடி வேகம். ஆனால் அவருக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம். பதக்கத்தை வைத்து வரலாறு எழுதுகிறவர் இதைச் சரிவு என்று எழுதுவார். நேரத்தை வைத்து எழுதுகிறவர் ஏற்றம் என்பார். இரண்டும் பிழை என்பதுதான் இந்தப் பகுதியில் நான் சொல்ல வருவது. இரு பந்தயங்களையும் உரிய அளவுகோலை வைத்துப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நீச்சல் என்று தெரியும். அப்படி ஒரே இடத்தில் நிற்க நேர்ந்ததற்கான காரணத்தைத் தேடிப்போனால், இத்தனை வாரமாக இந்தத் தொடர் சுற்றிவரும் சென்னைத் தென்புறநகர் ஊர்களான கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை, பள்ளிக்கரணைப் பக்கம்தான் வந்து சேர்கிறோம்.

நீச்சலைப் பற்றித் தமிழர்களுக்கு ஏற்கெனவே ஒரு வீரக்கதை உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நம் மனத்தில் நீச்சல் வீரர் என்றால் கடலைக் கடந்தவர். 1966இல் மிகிர் சென் பாக் நீரிணையை நீந்தினார். 1971இல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் அதே நீரிணையை ஒரே மூச்சில் போய்த் திரும்பி வந்தார். 1994இல் சென்னைச் சிறுவன் குற்றாலீஸ்வரன் ஆங்கிலக் கால்வாய் உட்பட ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்தபோது தமிழ்நாடே அந்தப் பெயரை உச்சரித்தது. இந்தக் கதைகளுக்கெல்லாம் பொதுவாக ஒன்று இருக்கிறது: கரையைத் தொட்டாரா, இல்லையா? கேள்வி அவ்வளவுதான். மணிக்கணக்கு கூடலாம், குறையலாம். கரை தொட்டுவிட்டால் வெற்றி. குளத்து நீச்சலில் எல்லோரும் கரையைத் தொட்டுவிடுகிறார்கள். எட்டாவதாக வந்தவரும் தொட்டுவிட்டார். அங்கே நூறில் ஒரு பங்கு வினாடிதான் பேச்சு. அந்தப் பேச்சு நமக்குப் பழக்கமில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இதே 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தங்கத்தை இழந்தது 0.05 வினாடியில். தென்னாப்பிரிக்காவின் சாட் லே குளோ சுவரை எட்டிப் பிடித்துவிட்டார். ஃபெல்ப்ஸ் கையை நீட்டியபடி வழுக்கிக்கொண்டு போனார். கடல் கடந்த கதையைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் என்ன வீரம் என்று தோன்றலாம்.

பட்டர்ஃபிளை வயதில் இளையது. 1930களில் மார்பு நீச்சல் போட்டியில் விதிமுறையில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, கைகளை நீருக்கு மேலே வீசிக் கொண்டுவந்தவர்கள் தொடங்கியது. வேகம் கூடியது, மார்பு நீச்சலை நம்பியிருந்தவர்கள் திண்டாடினார்கள். கடைசியில் இரண்டையும் பிரித்து, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையைத் தனிப் பந்தயமாக்கினார்கள். அமெரிக்காவின் வில்லியம் யோர்சிக் 2:19.3இல் வென்றார்; இரண்டாவதாக வந்தவர் ஜப்பானின் தகாஷி இஷிமோட்டோ. ஆக, ஆசியாவுக்கு இந்த நீச்சல் முதல் நாளிலிருந்தே அந்நியமல்ல. பார்க்க அழகாக இருக்கும் இந்த நீச்சலில் உடம்புக்கு இரக்கமே கிடையாது. இரண்டு கையும் ஒன்றாக வெளியே வர வேண்டும், இரண்டு காலும் ஒட்டியபடி கீழ்நோக்கி அடிக்க வேண்டும், ஒரு கைவீச்சுக்கு இரண்டு உதை. ஒவ்வொரு சுவரையும் இரு கையாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு கை முந்தினாலும் தகுதி நீக்கம். ஃப்ரீஸ்டைலில் களைத்துப்போனவர் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பட்டர்ஃபிளையில் களைத்தவரின் இடுப்பு முதலில் இறங்கும். இடுப்பு இறங்கினால் தோள் மேலே வராது. தோள் வராவிட்டால் கை தண்ணீரை உரசிக்கொண்டே முன்னே போகும். மூச்சுக்குத் தலையைத் தூக்கத் தூக்க இடுப்பு இன்னும் இறங்கும். 50 மீட்டர் குளத்தில் நான்கு நீளம். நான்காவது நீளத்தின் பாதியில், முதல் 150 மீட்டரில் செய்த ஒவ்வொரு அவசரத்துக்கும் வட்டியோடு கணக்குத் தீர்க்கப்படும். ஆகவே துணிச்சலை மட்டும் நம்பி இந்தப் பந்தயத்தை நீந்தி முடித்துவிட முடியாது.

சஜன் பிரகாஷ் 1993இல் இடுக்கியில் பிறந்தவர். அம்மா சாந்திமோல் தடகள வீராங்கனை. நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் வேலை. மகன் நீந்தக் கற்றது அந்த நிறுவனக் குடியிருப்பின் குளத்தில். பிறகு பெங்களூரு பசவனகுடியில் பிரதீப் குமாரிடம் பயிற்சி, கேரளத்துக்காகத் தேசியப் போட்டிகள், 2015 தேசிய விளையாட்டில் ஆறு தங்கம், மூன்று வெள்ளி. தமிழ்நாட்டின் பதக்கப் பட்டியலைப் புரட்டினால் அவர் பெயர் வராது. நெய்வேலிக் குளத்தில் கற்றதைக் கேரளம் அறுவடை செய்தது என்று யாராவது குறைபட்டால், அந்தக் குறை நியாயமா என்பது வேறு விஷயம். ஆனால் ஒரு மாநிலத்தின் பட்டியல் ஒரு மாநிலத்தின் நீச்சலைக் காட்டிவிடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். 2016 ரியோவில் பொது ஒதுக்கீட்டு இடத்தில்தான் அவர் ஒலிம்பிக் போனார், 1:59.37இல் நீந்தி 28ஆம் இடம். இரண்டு ஆண்டு கழித்து ஜகார்த்தா. காலை ஹீட்ஸில் 1:58.12, தேசிய சாதனை. மாலை இறுதிச்சுற்றில் 1:57.75, மறுபடி தேசிய சாதனை. கேரளம் பெருவெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த வாரம் அது. இடுக்கியில் இருந்த உறவினர்களைப் பற்றித் தகவல் கிடைக்காத நிலையில் அவர் நீந்தினார். ஜப்பானின் டையா செட்டோ 1:54.53இல் தங்கம் வாங்கினார். நாவோ ஹொரொமுரா 1:55.58, சீனாவின் லி சுஹாவ் 1:55.76. வெண்கலத்துக்கும் சஜனுக்கும் இடையே 1.99 வினாடி. ஒரே நாளில் சொந்தச் சாதனையை இரண்டு முறை உடைத்த ஒருவர், மேடை இருந்த பக்கம்கூடப் போகாமல் வெளியே வந்தார்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு நீச்சலை எதோடு ஒப்பிடுவது? பதக்கத்தோடு ஒப்பிட்டால் அன்றைக்கு யார் யார் வந்தார்கள் என்பதைத்தான் அது சொல்லும். முன்னோரின் நேரத்தோடு ஒப்பிட்டால் இடையில் மாறிப்போன குளமும் உடையும் விதியும் கணக்கில் கலந்துவிடும். அந்தந்த நாளில் உலகின் அதிவேக நேரம் எதுவோ அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்று பார்ப்பதுதான் ஓரளவு நேர்மையானது. கஜான் சிங் வெள்ளி வாங்கிய நேரத்தில் உலக சாதனை மேற்கு ஜெர்மனியின் மைக்கேல் குரோஸிடம் இருந்தது: 1:56.24. இடைவெளி 6.14 வினாடி. சஜன் ஜகார்த்தாவில் நீந்தியபோது சாதனை ஃபெல்ப்ஸ் 2009இல் படைத்த 1:51.51. இடைவெளி 6.24 வினாடி. 32 ஆண்டில் உலகம் 4.73 வினாடி முன்னேறியது, நாமும் 4.63 வினாடி முன்னேறினோம். இந்தியாவின் இடம் கிட்டத்தட்ட அசையவே இல்லை. சராசரி வேகத்தில் பார்த்தால், உலக சாதனையாளர் கடைசிச் சுவரைத் தொடும்போது சியோலில் நீந்தியவருக்கும் ஜகார்த்தாவில் நீந்தியவருக்கும் இன்னும் பத்து மீட்டர் பாக்கி இருக்கும். குளத்தின் ஐந்தில் ஒரு பங்கு. அந்தப் பத்து மீட்டர் 1986இல் ஆசியாவில் வெள்ளிக்குப் போதுமானதாக இருந்தது. 2018இல் ஆசியாவின் வெள்ளிக்கும் உலக சாதனைக்கும் இடையே 4.07 வினாடிதான். ஜப்பானும் சீனாவும் இடைவெளியைச் சுருக்கிக்கொண்டு முன்னே போய்விட்டன. நாம் விட்ட இடத்தில், விட்ட தூரத்தில் நின்றோம். வெள்ளி ஐந்தாம் இடமானதன் கதை இதுதான். கஜான் சிங் உசத்தி, பின்னால் வந்தவர்கள் சொத்தை என்று பேசுவதற்கு இதில் இடமில்லை.

எதிர்க்கேள்விகள் எழும், எழ வேண்டும். ஃபெல்ப்ஸின் 1:51.51 பாலியூரித்தேன் உடைகளின் காலத்தில் வந்தது, 2010 ஜனவரியில் அந்த உடைகள் தடை செய்யப்பட்டன, ஆகவே 2018இல் அந்தச் சாதனையோடு துணி உடையில் நீந்தியவரை ஒப்பிடுவது அநியாயம் என்பது முதல் கேள்வி. பாதி உண்மை. ஆனால் ஹங்கேரியின் கிறிஸ்டோஃப் மிலாக் 2019இல் துணி உடையிலேயே 1:50.73 நீந்தி அந்தச் சாதனையை ஓரங்கட்டினார். அந்த நேரத்தோடு சஜன் 2021இல் நீந்திய ஆகச்சிறந்த 1:56.38ஐ வைத்துப் பார்த்தால் இடைவெளி 5.65 வினாடி. கொஞ்சம் நெருங்கியிருக்கிறோம், அவ்வளவே. வினாடியில் பார்க்காமல் விழுக்காட்டில் பார்க்கச் சொல்வோரும் உண்டு. பார்க்கலாம்: 1986இல் 5.28, 2018இல் 5.60, 2021இல் 5.10. ஏறி இறங்கி அதே படிக்கட்டில்தான் நிற்கிறது. கஜான் சிங் காலத்தில் சாய்வுப் பலகை வைத்த தொடக்கமேடை கிடையாது, நீருக்கடியில் டால்பின் உதையை யாரும் இப்படித் தீட்டியிருக்கவில்லை என்பது இன்னொரு வாதம். 1996 அட்லாண்டாவில் ரஷ்யாவின் டெனிஸ் பன்கரட்டோவ் நீருக்கடியிலேயே நெடுந்தூரம் போய் இரண்டு தங்கம் வாங்கிய பிறகுதான், 1998இல் 15 மீட்டருக்கு மேல் அடியில் போகக்கூடாது என்று பட்டர்ஃபிளைக்கு எல்லை வகுத்தார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் மேடையும் உதையும் எல்லாருக்கும் பொதுவாக வந்தவை. சஜனுக்குக் கிடைத்தது மிலாக்குக்கும் கிடைத்தது. நான் இடைவெளியை அளவுகோலாக எடுத்ததே இந்தப் பொது லாபங்கள் இருபுறமும் கழிந்துபோகும் என்பதால்தான். இதற்கு ஒரு வேடிக்கையான சான்றும் உண்டு: 1988 சியோல் ஒலிம்பிக்கில் குரோஸ் தங்கம் வாங்கிய நேரம் 1:56.94. சஜன் 2021இல் அதைவிட வேகமாக நீந்தினார். இதை வைத்து அவரை ஒலிம்பிக் சாம்பியன் என்று யாரும் சொல்லிவிட மாட்டார்கள். அப்படியானால் கஜான் சிங்கின் நேரத்தைவிட வேகம் என்பதை வைத்து மட்டும் நாடு முன்னேறிவிட்டதாகச் சொல்வதும் செல்லாது.

கனமான எதிர்வாதம் வேறொன்று. இரண்டு தனிமனிதரின் நேரத்தை எடுத்து ஒரு நாட்டின் வரைபடம் போடலாமா? இங்கொருவர் அங்கொருவர், நடுவே 32 ஆண்டு. இதை எப்படித் தொடர்ச்சி என்று சொல்வது? சொல்ல முடியாதுதான். தொடர்ச்சி இல்லை என்பதே என் வாதத்தின் அடுத்த படி. நடுவே 2010 குவாங்சோவில் விர்தவல் காடே 50 மீட்டர் பட்டர்ஃபிளையில் 24.31இல் வெண்கலம் வாங்கினார். அதுவும் ஒற்றை ஆள்தான். ஜகார்த்தாவில் ஜப்பானின் செட்டோவுக்கு அடுத்ததாகவே ஹொரொமுரா வந்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் இதே பந்தயத்தில் தொமொரு ஹோண்டா வெள்ளி வாங்கினார். 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் அதே ஹோண்டா 1:53.15இல் தங்கம் வாங்கினார். ஒருவர் போனால் அடுத்தவர் தயாராக நிற்கிறார், போவதற்கு முன்பே விரட்டுகிறார். இந்தியாவில் தேசிய சாதனையை வைத்திருப்பவர் தன்னைத்தானே விரட்டிக்கொள்ள வேண்டும். 200 மீட்டர் பட்டர்ஃபிளையின் மூன்றாவது நீளத்தில் பக்கத்து லேனில் ஒரு தலை தெரிந்தால் உடம்பு கொடுக்கும் வேகமே வேறு. தன் நாட்டில் முன்னணியில் தனியே நீந்துகிறவருக்கு அந்தத் தலை எப்போதும் தெரியாது.

அந்தத் தலை தெரிந்தபோது என்ன ஆனது என்பதற்கு 2021 ஜூன் மாதம் போதும். சஜன் அதற்கு முன்பே பன்னாட்டு நீச்சல் கூட்டமைப்பின் உதவித்தொகையில் தாய்லாந்தின் புக்கெட்டில் பயிற்சி பெற்றுவந்தவர். 2020 ஊரடங்கில் அங்கேயே சிக்கிக்கொண்டார். குளம் மூடியது; பிறகு கழுத்தில் வட்டு விலகல், கையைத் தூக்கவே வலி. ஆகஸ்டில் துபாய் போய்த் தன் பழைய கோச் பிரதீப் குமாரிடம் மீண்டும் தொடங்கினார். அடுத்த கோடையில் பெல்கிரேடில் 1:56.96. ஒரு வாரம் கழித்து, ஜூன் 26 அன்று, ரோமில் செட்டே கொல்லி போட்டியில் 1:56.38. ஒலிம்பிக் 'ஏ' தகுதி நேரம் 1:56.48. பத்தில் ஒரு பங்கு வினாடியில் அவர் உள்ளே போனார். இந்திய நீச்சல் வீரர் ஒருவர் ஒதுக்கீடு இல்லாமல், அழைப்பு இல்லாமல், தன் நேரத்தால் நேரடியாக ஒலிம்பிக் தகுதி பெற்றது அதுவே முதல் முறை. 2009இல் ஃபெல்ப்ஸ் 1:51.51 நீந்தியதும் அதே ஃபோரோ இத்தாலிகோ வளாகத்தில்தான். மறுநாள் அதே குளத்தில் பெங்களூரு ஸ்ரீஹரி நடராஜ் 100 மீட்டர் மல்லாந்த நீச்சலில் தகுதி நேரத்தைத் தாண்டினார். அதுவரை நடக்காதது இரண்டே நாளில் இரண்டு முறை நடந்தது. ஒரே வாரத்தில் 0.58 வினாடி குறைந்ததற்குப் புதுத் தசை முளைத்தது காரணமாக இருக்க முடியாது. ஒரு வாரத்தில் தசை முளைக்காது. ஏழு நாள் இடைவெளியில் இரண்டு பந்தயம், இரண்டிலும் வெளிநாட்டு நீச்சல்காரர்கள் சுற்றிலும்: எனக்குத் தெரிந்து இதைவிட நேரான விளக்கம் இல்லை. டோக்கியோவில் அவர் 1:57.22 நீந்தி 24ஆம் இடம் பெற்றார், அரையிறுதிக்குப் போகவில்லை. அதை ஏமாற்றம் என்று எழுதினார்கள். தகுதி நேரத்தைத் தொட உடம்பை ஜூனில் உச்சத்துக்குக் கொண்டுபோனவர், ஒரு மாதத்தில் இன்னொரு உச்சம் காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அந்தப் பந்தயத்தை அறியாதவர் எதிர்பார்ப்பு. மிலாக் தங்கம் வாங்கிய 1:51.25கூட அவருடைய சாதனை நேரமல்ல. பந்தயத்துக்குப் பத்து நிமிடத்துக்கு முன் உடை கிழிந்து வேறு மாற்ற வேண்டியிருந்தது என்று அவர் பிறகு சொன்னார்.

உடல்வாகு என்று ஒரு சமாதானம் இங்கே எப்போதும் தயாராக இருக்கும். நம்மாட்களுக்கு உயரம் போதாது, கை நீளம் போதாது. 2016 ரியோவில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் ஃபெல்ப்ஸ், லே குளோ, லாஸ்லோ செக் மூவரையும் 51.14இல் சமமாக இரண்டாமிடத்தில் நிறுத்திவிட்டு 50.39இல் தங்கம் வாங்கியவர் ஜோசப் ஸ்கூலிங். சிங்கப்பூர்க்காரர். சென்னைக்குள்ளே அடங்கிவிடும் அளவுக்கு மக்கள்தொகை கொண்ட நகர நாடு. பதின்வயதில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் படிக்கப் போய், பிறகு டெக்சாஸ் பல்கலைக்கழக அணியில் நீந்தியவர் அவர். சிங்கப்பூரில் குளத்துக்குப் பஞ்சமில்லை; இருந்தும் அவர் போக வேண்டியிருந்தது. பந்தயம் எங்கே இருக்கிறதோ அங்கே நீச்சல்காரர் போகிறார். சஜனுக்கு அது நெய்வேலி, பெங்களூரு, புக்கெட், துபாய், ரோம் என்று நீண்டது. இதில் ஒரு கண்ணியை எடுத்துவிட்டாலும் 1:56.38 இல்லை. முதல் கண்ணியாகிய நெய்வேலியைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. ஒரு பொதுத்துறை நிறுவனம் தன் ஊழியர் பிள்ளைகளுக்கு நடந்துபோகும் தூரத்தில் குளம் கட்டி வைத்தது. அங்கே வேலை பார்த்த ஒரு தாய்க்கு ஓட்டப்பந்தயமும் பயிற்சியும் என்னவென்று தெரிந்திருந்தது. பெருநகரத்தில் கிடைக்காத சேர்க்கை நிலக்கரி ஊரில் கிடைத்தது.

அப்படியானால் நம் பக்கம் என்ன இருந்தது? இந்தத் தொடரை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்குக் கோவிலம்பாக்கத்தின் கிணறுகள் பழக்கம். நன்மங்கலம், மூவரசம்பட்டு, கோவிலம்பாக்கம் மூன்றிலும் வயலுக்கு வெட்டிய பெருங்கிணறுகள் பிறகு லாரித் தண்ணீருக்குப் போனதையும், வயல் மனையானதையும் முன்பே பார்த்தோம். அந்தக் கிணறுகள்தான் இந்த ஊர்களின் நீச்சல் பள்ளி. இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையோ லாரி டியூபோ கட்டித் தள்ளிவிடுவார்கள். நாலு நாளில் கை கால் தானே அடிக்கும். பம்ப்செட் மேடையிலிருந்து குதிக்கலாம், மூழ்கி மண்ணெடுத்து வரலாம், மூச்சடக்கி நிற்கலாம். கிணற்றில் கற்றவருக்கு நீர் மேல் பயம் போய்விடும். அது சின்ன விஷயமில்லை. ஆனால் நாற்பதடி அகலக் கிணற்றில் நான்கு கைவீச்சுக்குள் எதிர்ச்சுவர் வந்துவிடும். பட்டர்ஃபிளை அங்கே பிறக்க வழியில்லை. அதற்கு நேர்கோடு வேண்டும், தட்டையான சுவர் வேண்டும், மேலே நின்று இடுப்பு இறங்குவதைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். 1995 டிசம்பரில் சென்னையில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது அதற்கென வேளச்சேரியில் நீச்சல் வளாகம் எழும்பியது. கோவிலம்பாக்கத்திலிருந்து கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம் வழியாகப் போனால் சில கிலோமீட்டர். கிணறு மூடத் தொடங்கிய அதே காலத்தில் பக்கத்திலேயே 50 மீட்டர் குளம் வந்துவிட்டது. காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல கைமாற்றம் இருக்க முடியாது.

நடந்தது அப்படியல்ல. கிணற்றுக்குக் கட்டணமில்லை, நேரக் கட்டுப்பாடில்லை, பள்ளி விட்டதும் போகலாம். வேளச்சேரிக் குளத்துக்கு விடியற்காலை ஐந்து மணிக்குப் பிள்ளையை வண்டியில் கொண்டுபோய் விட ஒரு பெரியவர் வேண்டும். அதே பிள்ளையை ஏழரைக்குப் பள்ளி வண்டியில் ஏற்ற வேண்டும். மாலையில் இன்னொரு முறை. மேடவாக்கம் சாலையின் நெரிசலைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே குளம் கிட்டத்தில் இருந்தும் அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் வசதியுள்ள சிலர். இன்னொரு பக்கம், ரேடியல் சாலையை ஒட்டி எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பல, நீச்சல் குளத்தை விளம்பரத்தில் போட்டே விற்றவை. அவற்றில் பெரும்பாலானவை 25 மீட்டர்கூட இராது. சில வளைந்து நெளிந்து அழகுக்காகக் கட்டியவை. குழந்தைகள் விளையாட நல்லது. பந்தயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோதும் கோவிலம்பாக்கம் ஊராட்சியாகவே இருந்தது. பொதுக்குளம் கட்டும் பணபலம் எந்த ஊராட்சிக்கும் எளிதில் வராது. குளத்து எண்ணிக்கை கூடியிருக்கிறது என்று புள்ளிவிவரம் காட்டுவோர் இந்தக் குளங்களையும் சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள்.

இங்கே வரும் கடைசி ஆட்சேபத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. 2023 ஏப்ரல் 5 அன்று மூவரசம்பட்டுக் கோவில் குளத்தில் தீர்த்தவாரியின்போது ஐந்து இளைஞர்கள் மூழ்கி இறந்தார்கள். பிள்ளைகள் குளத்தில் உயிர்விடும் ஊரில் பட்டர்ஃபிளையைப் பற்றியும் பத்தில் ஒரு பங்கு வினாடியைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுவது ஆடம்பரமில்லையா? முதலில் மிதக்கக் கற்றுக்கொடுங்கள், பந்தயம் பிறகு என்று யாரும் சொல்லலாம். சொல்வது சரி; ஆனால் இரண்டையும் முதலில், பிறகு என்று வரிசைப்படுத்த முடியும் என்ற எண்ணத்தில் எனக்கு உடன்பாடில்லை. மிதக்கக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள்? பன்னிரண்டு வயதில் மாவட்டப் போட்டியில் தோற்று, பதினெட்டில் மாநிலப் போட்டியில் தோற்று, நீச்சலை விடாமல் கோச்சாகவும் குளத்துக் காவலராகவும் ஆனவர்கள்தான் அவர்கள். பந்தயம் இல்லாத ஊரில் அந்த வகை மனிதர் உருவாவதில்லை. ஜப்பானில் நீச்சல் பள்ளிப் பாடத்தின் ஒரு பகுதி, பல பள்ளிகளிலேயே குளம். 1955இல் ஷியுன் மாரு என்ற படகு மூழ்கிப் பள்ளிப் பிள்ளைகள் பலர் இறந்த பிறகு அந்தப் பழக்கம் நாடெங்கும் வலுப்பெற்றது. உயிர் காக்கவென்று கட்டிய அந்தக் குளங்களில் நீந்திய தலைமுறைகளிலிருந்துதான் செட்டோவும் ஹோண்டாவும் வந்தார்கள். நான் மேலே சொன்ன 4.07 வினாடியின் அடியில் கிடப்பது அந்தப் பள்ளிக் குளங்கள். அங்கே யாரும் பதக்கத்தைக் குறிவைத்துத் தொடங்கவில்லை.

ஹாங்சோவில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிச்சுற்றில் சஜன் பிரகாஷ் மறுபடியும் நீந்தினார். அப்போது அவருக்கு வயது 30. மறுபடியும் ஐந்தாம் இடம். உலக சாதனையை மிலாக் அதற்குள் 1:50.34க்கு இறக்கிவிட்டிருந்தார். வேளச்சேரி வளாகத்தை 1995இல் கட்டும்போது எந்த நிலத்தை எடுத்தார்கள், பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகும் தண்ணீர் அதனால் எந்தப் பக்கம் திரும்பியது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)